தோன்றா எழுவாய்: ஒரு சர்வர்க்கட்டை வாசித்தல்

1

இந்தக் கட்டுரை தோற்றுப்போன ஒரு மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்குகிறது. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு காலனியைச் சேர்ந்த தம்பி ஒருவன், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பாதி நாள் ராத்திரி ஷிஃப்ட். இணையச் செயலிகளைப் பல சர்வர்களில் ஏற்றி, அவை விழாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. இதைத் தமிழில் விளக்கி ஒரு கையேடு எழுதி, ஊரில் டிப்ளமா படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவன் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாள்கட்டோடு வந்து நின்றான். 'விஷயமெல்லாம் நான் எழுதிட்டேண்ணா. இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் அப்படியே கெடக்குது. நீங்க தமிழ் எம்.ஏ.தானே, வார்த்தைய மட்டும் போட்டுக் குடுங்க.'

வார்த்தையை மட்டும்! சொல்லுக்கு வெளியே 'விஷயம்' என்று ஒன்று தனியாக உட்கார்ந்திருக்க முடியாது என்பது நாமெல்லாம் படித்த கோட்பாட்டின் பாலபாடம். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து, ஐந்தாறு சொற்களைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன். கலைச்சொல் அகராதியில் கிடைக்காத சொற்கள் அல்ல அவை. தமிழில் ஏற்கெனவே வேறொரு வரலாற்றைச் சுமந்துகொண்டிருக்கிற சொற்கள். பிரதி, அடிமை, நாடற்றவர், மாடு, குணமாதல். இவற்றை அப்படியே எடுத்து ஒரு கையேட்டில் வைத்துவிட்டு நகர என்னால் முடியவில்லை.

நிலம், சாதி, கவிதை என்று பேசுகிற இந்தப் பக்கங்களில் சர்வருக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். 2021இல் தமிழ்நாடு அரசு தரவு மையங்களுக்கென்றே தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. சிறுசேரி சிப்காட் வளாகத்தில் அவை எழும்பி நிற்கின்றன. ரேஷன் கார்டும் நூறு நாள் வேலைக் கூலியும் சிட்டா அடங்கலும் எங்கோ ஒரு சர்வர் கூட்டத்தின் வழியாகத்தான் இன்று நம் கைக்கு வருகின்றன. கர்ணம் எழுதிய கணக்கை அதிகாரத்தின் பிரதியாக வாசிக்கலாம் என்றால், இதை மட்டும் ஏன் வாசிக்கக்கூடாது?

2

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு செயலியை ஒரே எந்திரத்தில் வைத்து நடத்தலாம். பத்துப் பேர் வந்தால் தாங்கும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வருகிற காலையில் லட்சக்கணக்கில் வந்தால் படுத்துவிடும். எந்திரத்தை மேலும் மேலும் பெரிதாக்குவது ஒரு வழி. சாதாரண எந்திரங்கள் பலவற்றைக் கட்டி ஒன்றாக நடத்துவது இன்னொரு வழி. 1994இல் நாசாவில் ஸ்டெர்லிங், பெக்கர் என்ற இருவர் கடைகளில் கிடைக்கிற பதினாறு கணினிகளை இணைத்து 'பேவுல்ஃப்' என்ற கூட்டத்தை உண்டாக்கினார்கள். பின்னால் கூகுள் போன்ற நிறுவனங்கள் இந்த வழியை ஆயிரக்கணக்கான எந்திரங்களுக்கு விரித்தன. 2014இல் கூகுள் வெளியில் விட்ட 'குபர்நெட்டிஸ்' என்ற மென்பொருள்தான் இன்று பெரும்பாலான இடங்களில் இந்த வேலையை நடத்துகிறது.

நடக்கும் விதம் இது. செயலியை அதற்கு வேண்டிய துணைச் சாமான்களோடு ஒரு பெட்டியில் அடைக்கிறார்கள். அதே பெட்டியைப் பல எந்திரங்களில் ஓடவிடுகிறார்கள். முன்னால் ஒரு சுமை பகிர்வி நிற்கும். வருகிறவர்களை 'நீ இங்கே போ, நீ அங்கே போ' என்று அது பிரித்துவிடும். புதுப்பதிப்பு வந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்துவதில்லை. பழசில் ஒன்றை இறக்கி, புதுசில் ஒன்றை ஏற்றி, அது ஒழுங்காக மூச்சு விடுகிறதா என்று பார்த்து அடுத்ததுக்குப் போவார்கள். கடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கடை மாறியதே தெரியாது.

இந்தத் துறையில் ஒரே பிண்டமாக எழுதப்பட்ட செயலியை 'ஒற்றைக்கல்' என்று பொருள்படும் சொல்லால்தான் குறிக்கிறார்கள். நம் கடற்கரைக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்களும் ஒற்றைக்கல். மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வரவேண்டும். நடுவில் உளி பிசகினால் பிசகியதுதான். முடியாமல் விட்ட வேலை இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடற்கரைக் கோயில் வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. ஒரு கல் அரித்துப்போனால் வேறு கல் வைக்கலாம்.

கிளஸ்டர் என்பதற்குக் 'கொத்து' என்று அகராதி சொல்கிறது. எனக்குக் கட்டுமரம்தான் ஞாபகம் வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எந்த மரமும் படகு இல்லை. கயிறு கட்டினால்தான் அது கடலுக்குப் போகும். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவைப்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தேவனேரி, கொக்கிலமேடு கரைகளில் ஃபைபர் படகுகளே பெருத்துவிட்டன. சொல்லாவது மிஞ்சட்டும் என்று 'சர்வர்க்கட்டு' என்று போட்டேன். தம்பிக்குப் பிடித்திருந்தது. சிக்கலில்லாமல் தாண்டிய சொல் இது ஒன்றுதான்.

3

சிக்கல் 'பிரதி'யில் தொடங்கியது. ஒரே பெட்டியின் ஓடுகிற ஒவ்வொரு நகலையும் பிரதி என்று சொல்லலாம். கட்டளைக் கோப்பில் 'பிரதிகள்: 3' என்று எழுதிவைத்தால் போதும். எப்படி ஏற்று, எங்கே ஏற்று என்று எதுவும் சொல்லவேண்டியதில்லை. மேற்பார்வை நிரல் ஒன்று ஓயாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். இரண்டுதான் இருக்கிறதா, ஒன்றை உண்டாக்கும். நான்கு இருக்கிறதா, ஒன்றைக் கொல்லும். எழுத்து உலகத்தை வருணிப்பது என்ற பழைய கதை இங்கே தலைகீழாகிறது. எழுத்துக்குப் பொருத்தமாக உலகம் நிமிடந்தோறும் திருத்தப்படுகிறது. சொல்லே செயலாகும் வாக்கியங்களைப் பற்றி ஆஸ்டின் பேசினார். 'இதனால் திருமணம் நடந்தேறியது' என்று ஒருமுறை சொல்லிவிட்டு ஓய்ந்துபோகிற வாக்கியம் அது. இதுவோ தான் பொய்யாகிவிடாமல் இருக்கக் காவல் காத்துக்கொண்டே இருக்கிற வாக்கியம். சட்டம் இப்படித்தான் ஆகவேண்டும் என்று அரசுகள் கனவு காண்கின்றன.

நம்முடைய விமர்சனத்தில் பிரதி என்பது வாசகரைத் தேடி விரியும் பன்மை. ஏட்டுச்சுவடி மரபில் பிரதி என்றால் வேறுபடுவது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்முன் கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்தார். இரண்டு ஏடு ஒன்றுபோல் இருக்காது. எழுதியவனின் ஊரும் உறக்கமும் கைப்பழக்கமும் அதில் ஏறியிருக்கும். சர்வர்க்கட்டிலோ பாடபேதம் குற்றம். ஒரு பிரதி மற்றதிலிருந்து கொஞ்சம் பிசகினாலும் அதைத் திருத்தமாட்டார்கள்; கொன்றுவிட்டு வேறொன்றை வைப்பார்கள்.

இந்த இடத்தில் 'பன்மையை அழிக்கும் எந்திரம்' என்று ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் 1981 ஜூன் மாதத்தை நினைத்தால் எனக்குக் கை வருவதில்லை. யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அதில் எத்தனையோ. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எதிரிக்கு நாமே எழுதிக்கொடுக்கிற சீட்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்தவர் தொடங்கிய நூலகம் இணையத்தளமும் அந்த நெருப்பிலிருந்து கற்ற பாடத்தைத்தான் தங்கள் வழியில் செய்கின்றன. நூல் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கவேண்டும். அச்சு அசலாக ஒன்றுபோலிருக்கும் பிரதி சில நேரங்களில் விடுதலையின் கருவி. ஆகவே 'பிரதி'யை அப்படியே வைத்துக்கொண்டேன். அதன் இரண்டு பொருளும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கட்டும்.

4

அடுத்த சொல்லில் சண்டைக்கே இடமில்லை. தரவுத்தளம் ஒன்றைப் பல எந்திரங்களில் பெருக்கும்போது ஒன்று எழுதும். மற்றவை அதைப் பார்த்து எழுதும். பல பத்தாண்டுகளாக இதற்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர்களை நேராகத் தமிழாக்கினால் 'ஆண்டான்', 'அடிமை'. 2003இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நிர்வாகம் இந்தச் சொற்களைத் தவிர்க்குமாறு தனக்குச் சாமான் விற்பவர்களைக் கேட்டது. அப்போது சிரித்தார்கள். 2014இல் ஜாங்கோ, 2018இல் பைத்தானும் ரெடிஸும், 2020இல் மைஎஸ்கியூஎல் என்று ஒவ்வொன்றாக மாற்றின. மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட ஆண்டில்தான் மாற்றம் வேகம் பிடித்தது. பழைய கையேடுகளிலும் பழகிய வாய்களிலும் அந்தச் சொல் இன்னும் புழங்குகிறது. தம்பியின் தாளிலும் இருந்தது.

'உவமைதானேண்ணா' என்றான். உவமைக்கு உவமானம் தூரத்தில் இருக்கவேண்டும். செங்கல்பட்டில் அது தூரத்தில் இல்லை. 1891இல் இந்த மாவட்டத்துக் கலெக்டர் பொறுப்பிலிருந்த திரெமன்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கைதான், அடுத்த ஆண்டே பஞ்சமி நிலம் ஒதுக்கப்படக் காரணமானது. மிராசுதாரர்களின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த படியாட்களைப் பற்றிய அறிக்கை அது. அந்த நிலங்களும் பின்னால் கைமாறிப்போயின. அவற்றை மீட்கக் காரணையில் தொடங்கிய போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். அந்த மண்ணில் ஒரு பையனுக்குப் பாடம் சொல்லித்தருகிற கையேட்டில், 'அடிமை பதிலளிக்காவிட்டால் அதை நீக்கிவிட்டு வேறு அடிமையைச் சேர்க்கவும்' என்று நான் எழுதமுடியுமா? என் முதல் வரைவில் அப்படியே எழுதியிருந்தேன். திரும்பப் படித்தபோது எனக்கே உடம்பு கூசியது. 'முதல்', 'வழி' என்று மாற்றினேன். முதல்நூல், வழிநூல் என்பது நம் இலக்கண மரபிலேயே உண்டு. ஆண்டானில்லாமல் வழிப்பிரதியை விளக்க முடியும் என்று நம் ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்னொரு சொல் அப்படித் தப்பவிடவில்லை. எந்த நினைவையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாத செயலியை ஆங்கிலத்தில் எந்தச் சொல்லால் குறிக்கிறார்களோ, அதே சொல்தான் குடியுரிமை இல்லாதவர்களுக்கும். இங்கே அது பெருமைக்குரிய குணம். நினைவு இல்லாததால் எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கில் வைத்துக்கொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். சுமை பகிர்வு என்றால் இதுதான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் நினைவு எந்தக் கணக்கிலும் வரவில்லை. எந்திரத்துக்குப் பொருந்துகிற அந்தக் குணத்தை மனிதர்களுக்கும் பொருத்திப் பார்க்கிற ஆசை அதிகாரத்துக்கு எப்போதும் உண்டு. நான் 'நினைவு வைக்காத செயலி' என்று நீட்டி எழுதினேன். சொல் நீளமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

'மாடு' சின்ன விஷயம், ஆனால் சொல்லத்தான் வேண்டும். சர்வர்களைச் செல்லப்பிராணிபோல் பெயர்வைத்து வளர்க்காதே, மாட்டு மந்தைபோல் எண் போட்டு நடத்து, நோய் வந்தால் சுட்டுவிட்டு வேறு வாங்கு என்று 2012 வாக்கிலிருந்து அங்கே ஒரு உவமை புழங்குகிறது. டெக்சாஸ் பண்ணையாளனின் உவமை. எங்கள் ஊரில் மாட்டுக்குத்தான் பெயர் உண்டு. மாடு என்றால் செல்வம் என்றே பழந்தமிழில் பொருள். தம்பியிடம் சொன்னேன். 'எங்க வீட்ல கறவைக்கு லட்சுமின்னு பேரு, நாய்க்குப் பேரே இல்லண்ணா' என்று சிரித்தான். அந்த உவமையைக் கையேட்டிலிருந்தே எடுத்துவிட்டோம்.

5

நம் வட்டாரத்துக்கு உறைக்கவேண்டிய பகுதி இது. தொண்ணூறுகளில் நாம் மையமின்மையைக் கொண்டாடினோம். மையம் கலைந்தால் அதிகாரம் கலையும் என்று நம்பினோம். வேரும் தண்டுமாகத் திசையெங்கும் படரும் கிழங்கை டெல்யூஸும் கத்தாரியும் சொன்னபோது, அதில் நம் அரசியலின் படத்தைப் பார்த்தோம். சர்வர்க்கட்டு அந்தப் படத்தின் அச்சு. எந்தக் கணுவும் சாகலாம், கட்டு சாகாது. எந்தக் கணுவும் இன்றியமையாததல்ல. அப்படியானால் அங்கே அதிகாரம் கலைந்துவிட்டதா?

கட்டுக்குள் இரண்டு வகை எந்திரங்கள் உண்டு. கட்டின் நிலைமையை எழுதிவைத்துக்கொண்டு முடிவெடுப்பவை ஒரு சில. வழக்கமாக மூன்று அல்லது ஐந்து. மற்றவை வேலைக் கணுக்கள். முடிவெடுப்பவை தங்களுக்குள் தேர்தல் நடத்தித் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றன. உருவகமில்லை, 'தேர்தல்', 'வாக்கு', 'பதவிக்காலம்' என்றே பெயர். தலைவரிடமிருந்து நாடித்துடிப்பு வரவில்லையென்றால், மற்றவற்றில் எதுவும் வேட்பாளராக நிற்கலாம். பாதிக்குமேல் வாக்கு கிடைத்தால் அதுவே தலைவர். மூன்றில் ஒன்று செத்தாலும், ஐந்தில் இரண்டு செத்தாலும் பெரும்பான்மை மிஞ்சும். அதனால் கட்டு இரண்டாகப் பிளந்தாலும் இரண்டு தலைவர்கள் ஒரே நேரத்தில் உத்தரவு போடமுடியாது.

முதலில் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித் ஒருவர் தலைவராகி நிலைக்க 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் ஆனது. 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். எந்திரத்துக்குள் தலைமை பிறப்பால் வருவதில்லை, அப்பாடா என்று இருந்தது.

அப்புறம்தான் கவனித்தேன். வேலைக் கணுக்களுக்கு வாக்கு இல்லை. நூறு கணு இருந்தாலும் ஆயிரம் இருந்தாலும் வாக்களிப்பது அந்த மூன்றோ ஐந்தோதான். சுமையைத் தூக்குகிறவை பரவலாக்கப்பட்டிருக்கின்றன, முடிவு பரவலாக்கப்படவில்லை. இது மென்பொருளின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. எந்திரத்துக்கு உரிமை எதற்கு? குற்றம் நம் வாசிப்பில் இருக்கிறது. மையம் கண்ணில் படவில்லை என்பதால் மையம் இல்லை என்று முடிவுகட்டினோம். யார் எங்கே இருந்தாலும் வேலை நடக்கும், யார் போனாலும் ஆள் மாற்றலாம் என்கிற ஏற்பாடு நாம் கேட்ட மையமின்மை அல்ல. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அது ரொம்பப் பழக்கமான ஏற்பாடு. குபர்நெட்டிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவன், மீகாமன் என்று பொருள். அரசாள்வதற்கான ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். பெயரே ஒப்புக்கொள்கிறது. அந்தப் பெட்டிகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த இன்னொரு மென்பொருளின் பெயர் 'டாக்கர்'. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் என்று அர்த்தம். 1956இல் கப்பலேறிய சரக்குப் பெட்டி உலகத் துறைமுகங்களில் எவன் பிழைப்பைப் பறித்ததோ, அவன் பெயரையே பெட்டி வியாபாரத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

6

கடைசிச் சொல். சர்வர்க்கட்டின் பெருமைகளில் பெரிய பெருமையாகச் சொல்லப்படுவது, அது 'தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும்' என்பது. இந்த வாக்கியத்தை எதிர்கொண்டபோது எனக்கு மதுராந்தகம்தான் ஞாபகம் வந்தது.

அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1790களில் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர். வருஷாவருஷம் ஏரிக்கரை உடைகிறது. பெருமழை இரவில் கரையைப் பார்க்கப் போனவருக்கு, வில்லேந்திய இரண்டு பேர் கரையைக் காத்து நிற்பது தெரிந்ததாம். கரை உடையவில்லை. ஏரி காத்த ராமர் என்று இன்றைக்கும் கோயில் இருக்கிறது. பக்தியை நான் கேலி செய்யவில்லை. கதையின் இலக்கணத்தைத்தான் கேட்கிறேன். அந்த இரவில் கரைமேல் வேறு யாருமே இல்லையா?

இருந்திருப்பார்கள். செங்கல்பட்டு ஏரிகள் ஒன்றின் கலங்கல் வழிந்து அடுத்ததில் விழுகிற சங்கிலி. மேல் ஏரியில் மதகைத் திறப்பதா மூடுவதா என்பது கீழ் ஏரியின் தலைவிதி. சுமை பகிர்வு, மிகுதியைத் திருப்பிவிடுதல், ஒன்று உடைந்தால் அடுத்தடுத்து உடைதல் என்று தம்பியின் கையேட்டில் இருக்கிற எல்லாமே அதில் உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவர் நீர்க்கட்டி. என் தாத்தா எங்கள் ஊர் நீர்க்கட்டி. மழைக்காலத்தில் அவர் ராத்திரி தூங்கியதில்லை என்று பாட்டி சொல்லும். மதகில் இறங்கி மூச்சுப் பிடித்து அடைப்பைச் சரிசெய்வார். களத்தில் நெல் அளந்து கொடுப்பார்கள். பெரும்பாலான ஊர்களில் இந்த வேலை சேரிக்காரருக்கு. நிலமில்லாதவன்தான் தண்ணீரைப் பாரபட்சமில்லாமல் பங்கு வைப்பான் என்று அதற்கொரு நியாயம் சொல்லுவார்கள். அவர் பங்கு வைத்த தண்ணீரில் அவருக்குப் பங்கு கிடையாது என்பதை அவருடைய யோக்கியதைக்கான சான்றாகவே மாற்றிய நியாயம். கரை நின்றால் ராமர் காத்தார். உடைந்தால் நீர்க்கட்டி குடித்துவிட்டுத் தூங்கினான்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சுற்றியுள்ள இடமெல்லாம் தண்ணீர். பெரும்பாக்கத்தில் வாடகைக்கு இருந்த தம்பிக்கு இடுப்பளவு. கரண்ட் இல்லை. சென்னையிலிருந்த கட்டு எப்போது வேண்டுமானாலும் படுத்துவிடும் என்ற நிலை. மொட்டை மாடியில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைத்திருக்கிறது. பிளாஸ்டிக் ஷீட்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த பேட்டரியில் லேப்டாப்பைத் திறந்து, மும்பைக் கட்டில் பிரதிகளின் எண்ணிக்கையை ஏற்றி, வருகிற சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறான். முடிக்க மூன்று மணி நேரம் ஆனதாம். வாடிக்கையாளர் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. கட்டு மும்பைக்குப் போய்விட்டது. இவன் தண்ணீரில் இருந்தான்.

மறுவாரம் வந்த அறிக்கையில் இதைப் பற்றி ஒரே வரி. தமிழில் சொன்னால்: 'போக்குவரத்து தானியங்கு முறையில் மாற்று மையத்துக்குத் திருப்பப்பட்டது.'

தமிழ் எம்.ஏ. படித்ததற்கு எனக்குப் பயன்பட்ட இடம் இது. நம் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. 'திருப்பினான்' என்று மட்டும் சொன்னால் எழுவாய் வெளியே இல்லை, ஆனால் விகுதி அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆண், ஒருவன், படர்க்கை. தமிழ் வினைமுற்று லேசில் ஆளை மறைக்க விடாது. 'திருப்பப்பட்டது' என்ற செயப்பாட்டுவினையிலோ செய்தவன் 'ஆல்' உருபோடு சேர்ந்து கழன்று விழுந்துவிடுகிறான். மிஞ்சிய பள்ளத்தைத் 'தானியங்கு முறையில்' என்ற அடை வந்து மூடுகிறது. தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் கட்டு என்பதும் இதே இலக்கணம்தான். ஒரு பிரதி செத்தால் எந்திரம் இன்னொன்றை எழுப்பும், அது உண்மை. எந்திரத்துக்குத் தெரிந்த சாவு அவ்வளவுதான். தெரியாத சாவு வருகிறபோது ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஒருவருடைய போன் அடிக்கிறது.

இது வெறும் இலக்கணப் பிரச்சினை இல்லை. தானாக நடந்தது என்றால் அங்கே வேலை நடக்கவில்லை. வேலை நடக்கவில்லை என்றால் அந்த இரவுக்கு ஈடுவிடுப்பு கிடையாது, கூடுதல் சம்பளம் கிடையாது. தம்பி கேட்டிருக்கிறான். அறிக்கையைக் காட்டியிருக்கிறார்கள்.

7

தகவல்தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் வைக்கலாம், தடையில்லை என்று 2016இல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. சங்கங்களும் இருக்கின்றன. ஆனால் 'நான்தான் செய்தேன்' என்ற வாக்கியத்தை எழுத இடமில்லாத ஒரு மொழிக்குள் உட்கார்ந்துகொண்டு எந்தக் கோரிக்கையை வைப்பது? வேலைநேரத்தைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால் வேலை இருந்தது என்று நிரூபிக்கவேண்டியிருக்கிறது. விமர்சகனுக்கு அங்கே ஒரு கூலிவேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். மீண்டும் மீண்டும் அந்த வாக்கியங்களைப் பிரித்து, கழன்று விழுந்தவனைத் தேடி எடுப்பது.

தேடினால் கிடைக்கிறான் என்பதுதான் வேடிக்கை. சர்வர்க்கட்டு யார் எந்தக் கட்டளையை எப்போது கொடுத்தார்கள் என்று ஒன்றுவிடாமல் குறித்துவைக்கிற பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறது. அந்த ராத்திரியின் பதிவைத் தம்பி வைத்திருந்தான், காட்டினான். மணி, நிமிடம், வினாடி, பக்கத்திலேயே அவன் பயனர் பெயர், கட்டளை. மறுபடி மணி, நிமிடம், வினாடி; அவன் பெயர். மூன்று மணி நேரத்துக்கு வரிவரியாக. எந்திரம் அவன் பெயரை மறைக்கவில்லை. அதற்குச் செயப்பாட்டுவினை தெரியாது. மறைத்தது அறிக்கை எழுதிய மனிதக் கை.

என் தாத்தாவுக்கு அப்படியொரு பதிவேடு இல்லை. ஏரிக்கரையில் ஓர் எழுத்துகூட இல்லை. பாட்டியும் போய்விட்டது.

கையேடு இன்னும் முடியவில்லை. 'தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும்' என்ற இடத்தில் என்ன போடலாம் என்று தம்பி போன வாரமும் கேட்டான். 'எந்திரத்துக்குத் தெரிந்த பழுதை எந்திரம் சரிசெய்யும், மற்றதை நீ சரிசெய்வாய்' என்று போடச் சொன்னேன். 'ரொம்ப நீளமா இருக்குதேண்ணா' என்றான். இருக்கட்டும் என்றேன். படிக்கப்போகிற பிள்ளைகள் அந்த 'நீ'யைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வேலைக்குள் போகவேண்டும்.